மூக்குக்காரரும் சிவப்பு ஆயிலும்

என் அக்காவின் கணவரைப் பட்டறைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்குக்காரர் என்றால்தான் தெரியும். மூக்கு பெரிது என்பதால் வந்த பெயர் அல்ல. அது வேலை செய்கிற மூக்கு. வண்டி வாசலில் வந்து நிற்கும்போதே, பானெட்டைத் திறக்காமல், "பிரேக் கருகுது" என்பார், "ரேடியேட்டர் கசியுது" என்பார். திறந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். கோபமும் அவருக்கு அதே மூக்கின் நுனியில்தான் குடியிருந்தது.

மாமாவின் அப்பா லாரி ஓட்டியவர். அறுந்துபோன ஃபேன் பெல்ட்டை எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவைப்பாராம், பிள்ளைகளின் முதுகுக்கு என்று. பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. எழுத்துக் கற்கிற வயதில் மாமாவை ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அங்கே இருந்த மேஸ்திரி வேறு ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவர் கேட்ட ஸ்பேனரை விட்டு வேறு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தால், கொடுத்த ஸ்பேனராலேயே அடிப்பார். "பெரிய ஸ்பேனர்ல எப்பவும் தப்பு பண்ணக்கூடாதுன்னு அப்ப கத்துக்கிட்டேன்" என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்வார். முதுகைக் காட்டச் சொன்னால் காட்டுவார். வளர்ந்து தானே மேஸ்திரி ஆனபோது அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் அம்மா செத்த பிறகு நான் படிப்பை விட்டுவிட்டு அக்காவோடு இருக்க வந்தேன். பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான் வீடு. சமையலறைக்கும் பட்டறைக்கும் நடுவில் தகரச் சுவர். அதில் சதுரமாக வெட்டிய ஒரு ஜன்னல். டீ கொடுக்க, திட்டு வாங்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ஜன்னல்தான். என் வேலை மூலையில் உட்கார்ந்து கழற்றிய நட்டு போல்ட்டுகளை டீசலில் கழுவிப் பிரித்துவைப்பது. என்னிடம் யாரும் பேச மாட்டார்கள். நானும் பேச மாட்டேன். அதனால் எல்லாம் தெரியும்.

பட்டறை அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். ஆயில் கடையில் சில்லறையாக வாங்குவதால், எந்த டப்பா காலியோ அதில் பிடித்து வருவார்கள். பெயின்ட் டப்பாவில் எஞ்சின் ஆயில் இருக்கும். சமையல் எண்ணெய் டப்பாவில் பிரேக் ஆயில் இருக்கும். எழுதியிருப்பதை நம்பினால் எஞ்சினுக்குப் பெயின்ட்தான் ஊற்ற வேண்டும். மாமாவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அது அவருக்குக் குறையாகவே பட்டதில்லை. அவரிடம் திரி இருந்தது.

திரி என்பது ஒரு துண்டுப் பஞ்சு நூல். அதை ஆயிலில் தோய்த்து, லைட்டரால் பற்றவைத்து, ஊதி அணைத்து, எழும் புகையை மூக்கருகே பிடிப்பார். கண் மூடிவிடும். வண்டிக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். பிறகு கண்ணைத் திறந்து, "இது ஆட்டோ கியருக்கு. நல்ல சரக்கு" என்றோ "கலப்படம், கொண்டுபோய் அவன் தலையில ஊத்து" என்றோ சொல்வார். ஆட்டோ கியர் என்றால் கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாறுகிற வண்டி. அதற்குத் தனி ஆயில். செக்கச்செவேலென்று ரத்தம் மாதிரி இருக்கும். அந்த கியர் பெட்டியில் ஆயில் ஊற்றும் வேலையை மட்டும் மாமா வேறு யாரையும் தொடவிட்டதில்லை. "மத்த வண்டி எருமை. எதப் போட்டாலும் திங்கும். இது குழந்தை. மாத்திக் குடுத்தா செத்துடும்" என்பார்.

அந்த மூக்கோடு அக்கா குடித்தனம் நடத்தினாள். பால் அடிப்பிடித்த வாடை லேசாக வந்தால் போதும், தட்டு பறக்கும். சுவரில் தட்டுகளின் விளிம்பு பட்ட வடுக்கள் பிறை பிறையாக இருந்தன. ஒருநாள் வெங்காயம் நறுக்கிய கையோடு அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்து முகர்ந்து, சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கினார். ஒடிகிறவரை மடக்கினார். அது கோணலாகத்தான் கூடியது. "என் வீட்டுக்காரர் ஆசையா கை புடிச்சா இப்படித்தான்" என்று அக்கா காய்கறிக்காரியிடம் விரலை ஆட்டிக் காட்டிச் சிரிப்பாள். காய்கறிக்காரி சிரிக்க மாட்டாள்.

இப்படி இருந்த மூக்கை உடைத்தவர் பக்கத்து டயர் கடைக்காரர்.

பழைய டயர்களை எங்கள் வாசல் பக்கம் தள்ளிவைப்பது அவர் பழக்கம். எட்டி உதைப்பது மாமா பழக்கம். ஒருநாள் உதைத்த டயர் உருண்டு போய் டயர்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டின் மேல் ஏறிவிட்டது. அவர் டயர் நெம்புகிற கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரே வீச்சு. காய்ந்த விறகு முறிகிற சத்தம் என் மூலை வரை கேட்டது. மாமா விழவில்லை. வாயிலும் மார்பிலும் ரத்தம் ஒழுக ஒழுக டயர்காரரின் தலைமுடியைப் பிடித்துக் காற்றடிக்கிற கம்ப்ரஸரில் மோதினார், மோதினார், மோதிக்கொண்டே இருந்தார். நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஆட்டோதான் கிடைத்தது. இருவரையும் அதில் ஏற்ற, உள்ளேயே மறுபடி ஒருவரை ஒருவர் மிதிக்க ஆரம்பித்தார்களாம். "செத்தா தனித்தனியா சாவுங்கடா" என்று ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

கட்டுப் பிரித்த பிறகு மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மற்றபடி பழைய மாமாதான். பட்டறையில் சத்தமும் அடியும் குறையவில்லை. ஆனால் வீட்டில் தட்டு பறப்பது நின்றுவிட்டது.

அதை முதலில் கவனித்தவள் அக்கா. ஒரு மத்தியானம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பொங்கி, வற்றி, கருகி, கறுப்புப் புகை எழுந்தது. எனக்கு இருமல் வந்தது. மாமா புகைக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர், திரும்பாமலே, "சோறு ஆச்சா?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துப் பாத்திரத்தைத் தேய்க்க எடுத்துப் போனாள். நான் பின்னாலேயே போய், "அக்கா, மாமாவுக்கு மூக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"இல்லக்கா, புகை..."

"தெரியாதுன்னா தெரியாதுதான். எத்தனை வருஷம் கழிச்சு நிம்மதியா அடுப்புக்கு முன்னாடி நிக்கறேன், கெடுத்துடாத." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கரிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க.

பட்டறையில் மாமா சமாளித்த விதம் இன்னும் அழகு. அவரிடம் வேலை செய்த நெட்டை என்பவன் கல்யாணமாகி மாமியார் வீட்டோடு இருப்பவன். "அங்க மாமியார், இங்க மேஸ்திரி. நடுவுல பஸ்ல வரும்போதுதான் எனக்கு லீவு" என்பான். மாமா திரியைப் பற்றவைத்துப் புகையை முகர்வதுபோலக் கண்ணை மூடுவார். பிறகு திரியை நெட்டையிடம் நீட்டி, "நீ சொல்லு பாக்கலாம். இத்தனை வருஷமா என்னத்தக் கத்துக்கிட்ட?" என்பார். நெட்டைக்குப் பெருமை தாங்காது. முகர்ந்து, யோசித்து, "பிரேக் ஆயில், மேஸ்திரி" என்பான். "ம். பரவால்ல, மண்டையில ஏதோ இருக்கு" என்று மாமா தலையாட்டுவார். மேஸ்திரி நமக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிறார் என்று நெட்டை மாமியார் வீட்டில் போய்ச் சொன்னானாம்.

அப்படியே ஓடியிருக்கலாம். சூளைக்காரர் வண்டி வராமல் இருந்திருந்தால்.

சூளைக்காரர் என்றால் ஊருக்கு வெளியே மேட்டில் செங்கல் சூளை வைத்திருந்தவர். நிலக்கரி திருடிய ஒருவனின் கையைச் சூளை வாயில் வைத்தார் என்று சொல்வார்கள். உண்மையா என்று போய்ச் சோதித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. அவருடைய கறுப்பு வண்டி தானே கியர் மாறுகிற வண்டி. ஆயில் மாற்ற அதை அன்று கொண்டுவந்தது அவருடைய மச்சான். அவர் மனைவியின் தம்பி. சிரித்த முகம், வாயில் எப்போதும் சூயிங்கம். "எங்க மாமா உங்க மூக்கப் பத்தி நிறைய சொல்லியிருக்காரு. நானும் பாக்கணும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

அந்த வாரம் நெட்டை ஆயில் கடையிலிருந்து லிஃப்டுக்கு எண்ணெய் வாங்கி வந்திருந்தான். வண்டியைத் தூக்கி நிறுத்துகிற மேடைக்கு ஊற்றுவது. எப்போதும் மஞ்சளாக வரும். அந்த முறை கடைக்காரர் கொடுத்தது சிவப்பு. அதையும் ஒரு வெற்று டப்பாவில் பிடித்து, சிவப்பு கியர் ஆயிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான்.

மாமா கையை நீட்டி ஒரு டப்பாவை எடுத்தார். திரியைத் தோய்த்தார், பற்றவைத்தார், ஊதினார், கண்ணை மூடினார். மச்சான் வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது நெட்டையிடம் திரியை எப்படி நீட்டுவது? மாமா நீட்டவில்லை.

"இதான். சுத்தமான சரக்கு" என்றார்.

நெட்டை பக்கத்தில் வந்து மெதுவாக, "மேஸ்திரி, அது லிஃப்டுக்கு வாங்கினது மாதிரி இருக்கு" என்றான்.

மாமா கையில் இருந்தது ஒரு ரிங் ஸ்பேனர். திரும்பிப் பார்க்காமலே வீசினார். நெட்டையின் புருவத்துக்கு மேல் பட்டுத் தோல் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்க, அவன் கையால் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"எனக்கே சொல்லித் தரான் பாருங்க" என்று மாமா மச்சானிடம் சிரித்தார். மச்சானும் சிரித்தான். டப்பா முழுவதும் கியர் பெட்டிக்குள் இறங்கியது. நான் டீசல் சட்டியில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் அக்கா டீ டம்ளரோடு நின்றிருந்தாள்.

வண்டி தெருவில் நன்றாகத்தான் போனது. அடுத்த நாள் சூடேறியதும் கியர் பிடிப்பை விட ஆரம்பித்திருக்கிறது. மச்சான் சூளை மேட்டில் ஏறும்போது, பாதி ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்தியது, சக்கரம் இழுக்கவில்லை. வண்டி பின்னால் உருண்டு, கீழே செங்கல் ஏற்றி நின்ற லாரியில் மோதிச் சாய்ந்தது. பிரேக்கை மிதிக்கத் தோன்றாமல் கதவைத் திறந்து குதிக்கப் பார்த்தவனின் கால்கள் கதவுக்கும் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. ஒரு காலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அவனுக்கு நினைவு திரும்பவில்லை.

மறுநாள் காலை சங்கிலி கட்டி இழுத்துக்கொண்டு அந்த வண்டி பட்டறைக்கு வந்தது. பின்னால் ஜீப்பில் சூளைக்காரரும் இரண்டு தடியன்களும். ஓட்டுநர் கதவு மடங்கித் தொங்கியது. சீட்டு ஓரத்தில் காய்ந்த ரத்தத்தில் ஈ மொய்த்தது. தெருவில் ஷட்டர்கள் இறங்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

சூளைக்காரர் சத்தம் போடவில்லை. நல்ல வெள்ளைச் சட்டை. மச்சான் உட்கார்ந்திருந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வேற மெக்கானிக்க வச்சுப் பாத்தாச்சு. உள்ள இருக்கறது கியர் ஆயிலே இல்லன்னு சொல்றான். யார் ஊத்தினது?"

  மாமாவின் கை நெட்டையை நோக்கி நீண்டது.

"இவன்தாங்க. நான் அன்னைக்கு வெளிய போயிருந்தேன்."

"மேஸ்திரி!" என்றான் நெட்டை. அவன் நெற்றியில் கட்டு இன்னும் இருந்தது.

அடுத்த சொல்லுக்குள் ஒரு தடியன் அவன் வயிற்றில் குத்திவிட்டான். நெட்டை இரண்டாக மடிந்தான். முட்டியால் முகத்தில் ஒன்று. விழுந்தவனை இருவரும் மாறி மாறி மிதித்தார்கள். விலாவில், முதுகில், தொடையில். பூட்ஸ் சத்தம் நெல் மூட்டையில் அடிக்கிற மாதிரி இருந்தது. "நான் இல்லங்க, நான் சொன்னேங்க, லிஃப்ட் ஆயில்னு சொன்னேங்க" என்று ஒவ்வொரு மிதிக்கும் நடுவில் ஒவ்வொரு துண்டாக அவன் வாயிலிருந்து வந்தது. பிறகு தூக்கி மேசைக்கு இழுத்துப் போனார்கள். மேசையில் சாமான்களை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வைஸ் இருந்தது. அவனுடைய வலது கையை அதன் வாய்க்குள் வைத்துக் கைப்பிடியைத் திருப்பினார்கள். விரல்கள் வெளுத்தன. இன்னொரு திருப்பு. நெட்டை போட்ட சத்தத்தில் அலமாரி டப்பாக்கள் அதிர்ந்த மாதிரி எனக்கு இருந்தது.

"முழுசா நசுக்கிடலாமா?" என்று தடியன் கேட்டான்.

"இரு" என்றார் சூளைக்காரர். "இவன் சொன்னேன் சொன்னேன்னு கத்தறான். யார்கிட்ட சொன்ன?"

"மேஸ்திரிகிட்டதான்! அவர்தான் ஊத்தினாரு! திரி கொளுத்தி மோந்து பாத்துட்டுதான் ஊத்தினாரு! உங்க மச்சானும் பாத்துட்டு இருந்தாரு!"

சூளைக்காரர் மாமாவின் பக்கம் திரும்பினார். "எங்க அப்பா காலத்துலேர்ந்து உங்ககிட்டதான் வண்டி வருது. மூக்குக்காரர் மோந்துட்டு ஊத்தினா அது தப்பாகாது. அது எனக்கே தெரியும். அதனால இவன் பொய் சொல்றான்னுதான் நானும் நெனைக்கறேன். ஆனா ஒரு கையை எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணால பாத்துடணும். அந்த ஆயிலப் புடிச்சுட்டு வாங்க. என் முன்னாடி திரி கொளுத்தி மோந்து சொல்லுங்க. என்ன ஆயில், எப்படி இருக்குன்னு. சரியாச் சொன்னா இவன் கைய இதுலயே நசுக்கிட்டு நாங்க கெளம்பறோம்."

மாமாவின் முகம் தெளிந்தது. அதில் என்ன இருக்கிறதென்று அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. கருகிய லிஃப்ட் ஆயில். கண்ணை மூடிச் சொன்னால் முடிந்தது. மூக்குக்காரர் மூக்குக்காரராகவே இருப்பார். நெட்டைக்குக் கை போகும்.

"பேஷா" என்றார் மாமா.

"நான் புடிச்சுட்டு வரேன்."

எல்லோரும் திரும்பினார்கள். அக்கா பட்டறைக்குள் வந்திருந்தாள். ஆண்கள் நிற்கும்போது அவள் உள்ளே வந்து நான் பார்த்ததே இல்லை. கையில் அலுமினியத் தட்டு. வீட்டுத் தட்டு, விளிம்பு நசுங்கியது. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சூளைக்காரர், "பரவால்ல, பொம்பளப் புள்ள எடுத்துட்டு வரட்டும், அதுல சூது இருக்காது" என்றார்.

அக்கா கறுப்பு வண்டியின் அடியில் படுத்து நகர்ந்தாள். கியர் பெட்டியின் திருகை நெகிழ்த்திச் சிவப்பும் கறுப்புமாய்க் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள். மறுபக்கமாக வெளியே வந்தாள். என் மூலைக்குப் பக்கத்தில் கார்புரேட்டர் கழுவுகிற பெட்ரோல் கிண்ணம் இருக்கும். அங்கே ஒரு கணம் குனிந்தாள். தட்டில் பாதியாக இருந்தது விளிம்பு வரை ஏறியது. பிறகு தண்ணீர்த் தொட்டி அருகே நின்றாள். கால் துடைக்கக் கிடந்த கோணிச் சாக்கைக் காலாலேயே தொட்டிக்குள் தள்ளி, குனிந்து ஒரு கையால் எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். தண்ணீர் அவள் புடவையில் ஒழுகியது. என்னைப் பார்த்தாள். அடுப்பில் பால் கருகிய அன்று பார்த்த அதே பார்வை.

"இந்தாங்க" என்று மாமாவிடம் தட்டைக் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் நின்றாள்.

பெட்ரோல் வாடை பட்டறை முழுக்க அடித்தது. எனக்குக் கண் எரிந்தது. சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த தடியன் சட்டென்று அதைக் கீழே போட்டு மிதித்தான். "அண்ணே, இது..." என்று ஆரம்பித்தவனைச் சூளைக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவருடைய மூக்குத் துளைகள் விரிந்தன. மாமாவையே பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து ஸ்டூலைப் பின்னால் தள்ளினார்.

எல்லோரும் விலகுவதை மாமா பார்த்தார். அது அவருக்குப் பழகிய காட்சி. மரியாதைக்கு விலகுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். இடது கையில் தட்டை ஏந்தி, முகத்தருகே கொண்டுபோய், நெஞ்சு நிறைய ஓர் இழுப்பு இழுத்தார். கண் மூடியது.

"கருகின வாடை" என்றார். "லிஃப்ட் ஆயில்தான். தண்ணி மாதிரி சரக்கு. எந்த முட்டாளும் மோந்தா கண்டுபிடிச்சுடுவான். திரிலயும் காட்டறேன் பாருங்க."

சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்துத் தட்டில் தோய்த்தார். லைட்டரை எடுத்தார்.

"மேஸ்திரி, வேணாம்!" வைஸில் கை மாட்டியிருந்த நெட்டைதான் கத்தினான். "பெட்ரோல், மேஸ்திரி! கொளுத்தாதீங்க!"

"வாயை மூட்றா நாயே" என்றார் மாமா. கட்டைவிரலால் லைட்டரைத் தட்டினார்.

தீ திரியில் பிடிக்கவில்லை, தட்டில்தான் பிடித்தது. மொத்தமாக ஒரே மூச்சில் எழுந்து அவர் முகத்தைக் கவ்வியது. மீசை, புருவம், முன்முடி எல்லாம் ஒரு நொடியில் போயின. தட்டு கையிலிருந்து தவறி நெஞ்சில் சாய்ந்தது. எரிகிற ஆயில் சட்டையில் வழிந்து இறங்கியது. அவர் தன்னைத் தானே அறைந்துகொண்டு சுழன்றார். வாயிலிருந்து வந்தது மனுஷச் சத்தமாக இல்லை. தரையில் கொட்டியது நீல நாக்காக மேசைக் காலை நோக்கி ஓடியது. அங்கே நெட்டை.

தடியன்கள் வாசலுக்குப் பாய்ந்துவிட்டார்கள். நான் எழுந்து ஓடி வைஸின் கைப்பிடியைப் பிடித்தேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் முதலில் இறுக்கிவிட்டேன். நெட்டை அலறிய அலறலில்தான் மறுபக்கம் திருப்பினேன். அவன் கையை இழுத்துக்கொண்டு என்னையும் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தான்.

திரும்பிப் பார்க்கும்போது அக்கா மாமாவின் மேல் சாக்கைப் போர்த்தி அவரைத் தரையில் தள்ளி, மேலே விழுந்து அமுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அவர் தலையைச் சாக்குக்குள் அழுத்தினாள். புகையும் நீராவியும் எழுந்தன. சூளைக்காரர் நகராமல் நின்றவர், மணல் வாளியை எடுத்துத் தரையில் கொட்டி மிச்சத் தீயை அணைத்தார். பிறகு வண்டியில் கிடந்த ஜாக்கி கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மாமாவின் தலைமாட்டில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டையில் கரி.

மாமா முனகினார். தோல் உரிந்த கை சாக்குக்கு வெளியே கிடந்தது.

சூளைக்காரர் அவரைப் பார்த்தார். நனைந்த சாக்கைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார், வெகுநேரம். கம்பியைத் தரையில் போட்டார்.

"உனக்கு நான் எதுக்குடா" என்றார். "நீதான் வீட்லயே ஆள் வச்சிருக்கியே."

போய்விட்டார். வண்டியை எடுத்துப் போக வேறு ஆட்கள் வந்தார்கள். அவர் மறுபடி எங்கள் தெருவுக்கு வரவில்லை.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியிருந்தது. முகத்தில் ஒரு பாதி மெழுகு மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டது. இடது கை விரல்கள் மடங்காது. தெருவில் இப்போது அவரை யாரும் மூக்குக்காரர் என்று கூப்பிடுவதில்லை. வேறு பெயரும் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்க வந்த ஒரே ஆள் டயர் கடைக்காரர். கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து அவரே தின்றுவிட்டுப் போனார்.

பழைய டப்பாக்களை எல்லாம் அக்கா தெருவில் போட்டு மிதித்து நசுக்கினாள். இப்போது சீல் வைத்த டப்பாதான் வருகிறது. மேலே எழுதியிருப்பதை நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன், நெட்டை ஊற்றுகிறான். அவனுக்கு இரண்டு விரல் கோணிவிட்டது. ஸ்பேனர் பிடிக்க முடிகிறது, அது போதும் என்கிறான். "மாமியார் இப்பல்லாம் ஊட்டி விடறாங்க. முன்னாடியே கைய நசுக்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சிரிக்கும்போது விலாவைப் பிடித்துக்கொள்வான். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நெட்டை அவரை இன்னும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறான். அந்த ஒரு சொல்லுக்கு மாமா தலையைக் குனிந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் மத்தியானம் சமையலறையில் சாப்பிட உட்கார்ந்தார். அக்கா அடுப்பில் முட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த சாக்கு" என்றார்.

"எந்த சாக்கு?"

"அன்னைக்கு எம்மேல போட்டியே. தொட்டி அந்தப் பக்கம் இருக்கு. நீ நின்னது இந்தப் பக்கம். போட்டப்பவே சில்லுனு இருந்துச்சு." மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். குரலில் கோபம் இல்லை. "முன்னாடியே நனைச்சு வச்சிருந்தியா?"

அக்கா முட்டையைத் திருப்பினாள். ஓரம் கறுத்துக் கருகியிருந்தது. அதை அப்படியே அவர் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடுங்க. ஆறிடும்" என்றாள்.

மாமா தட்டை எடுத்தார். நானும் அக்காவும் ஒரே நேரத்தில் தட்டு வடுக்கள் இருந்த சுவரைப் பார்த்தோம். அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார், பழைய பழக்கம். கொஞ்ச நேரம் அங்கேயே பிடித்திருந்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, கருகிய ஓரத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தார்.